நீதிமன்றம் ஏறிய கணினி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசக் கிடைத்தவன் நிலைமை எல்லாருக்கும் தெரியும். அதுவும் இன்றைக்குப் பாயசம் வேறு. ஆகவே தூங்குகிறவர்களை நான் தொந்தரவு செய்யப் போவதில்லை. கடைசி பெஞ்சுக்கு இந்தக் கல்லூரி என்றைக்குமே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, உன் துறையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். ஒரு வக்கீலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "நம்மது என்ஜினீயரிங் காலேஜுப்பா, லா காலேஜ் இல்லை" என்றார். காரணத்தைச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். அந்தக் காரணத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம் - பெயர் வேண்டாம் - ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டிக் கொடுத்தது. ஆலை ஓடுகிறது, தண்ணீர் வருகிறது. ஆனால் எட்டு மாதத் தாமதம் யார் தலையில் விடிய வேண்டும் என்பதில் தகராறு வந்து, விஷயம் ஆர்பிட்ரேஷனுக்குப் போனது. எங்கள் தரப்பு சாட்சி, சைட் மேனேஜர். பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் சைட் டைரியில் ஒரு நாள், "சைட் நிலவரப்படி வேலை நிறுத்தம்" என்று எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், என்னைவிட வயதில் சின்னப் பெண். அந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார். நிலவரம் என்றால் என்ன? மழையா? ஆள் பற்றாக்குறையா? மழை என்றால் அதே தேதியில் கான்கிரீட் போட்டதாக இன்னொரு பதிவேட்டில் இருக்கிறதே, எப்படி? யார் நிறுத்தச் சொன்னார்கள்? அது எங்கே எழுதியிருக்கிறது?

நடந்தது என்னவென்றால், டிராயிங் வரவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் எதிர்த்தரப்பு. இதுதான் உண்மை, இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த உண்மை பேப்பரில் இல்லை. முப்பது வருஷ அனுபவசாலி அந்த நாற்காலியில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்தப் பெண் ஒரு கேள்வியைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லையே! அன்றிலிருந்து இந்தக் குறுக்கு விசாரணை என்கிற வித்தையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் டேவிட் பாய்ஸ் என்கிற அமெரிக்க வக்கீலிடம் போய் நின்றேன். (பாய்ஸ் என்றதும் ஷங்கர் படத்தை நினைக்காதீர்கள். இவர் வேற பாய்ஸ்.)

1941-ல் இல்லினாய் மாநிலத்தில் சிகமோர் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேருமே ஆசிரியர்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியது. டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டிட வேலை பார்த்திருக்கிறார், சீட்டு ஆடியிருக்கிறார். நம்ம ஊர் ரம்மி இல்லை, பிரிட்ஜ். எந்தச் சீட்டு விழுந்தது, எது யார் கையில் இருக்கும் என்று ஞாபகம் வைத்து ஆடுகிற ஆட்டம். அதற்கப்புறம்தான் கல்லூரி. 1966-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, நியூயார்க்கில் கிராவத் என்கிற பெரிய வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தார்.

படிக்கச் சிரமப்படுகிறவன் லட்சக்கணக்கான பக்கம் உள்ள கார்ப்பரேட் வழக்குகளில் எப்படிப் பிழைத்தான்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வாசிப்பது கஷ்டமாக இருந்ததால் ஒரு தடவை வாசித்ததை அவர் விடவில்லை. குறிப்புத்தாள் இல்லாமல் எழுந்து நின்று, இன்ன தேதியில் இன்ன கடிதத்தில் இன்ன பக்கத்தில் என்று சாட்சியிடம் கேட்பது அவருடைய பழக்கம். இன்னொன்று, எவ்வளவு பெரிய வழக்கானாலும் அதை மூன்று நாலு விஷயமாகச் சுருக்கி, எல்லாக் கேள்வியையும் அதிலேயே கொண்டு வந்து கட்டுவார். நாம் ஃப்ரீ பாடி டயகிராம் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாலம் முழுக்க வரைய வேண்டாம், விசை எங்கே விழுகிறதோ அதை வரைந்தால் போதும்.

அவர் வளர்ந்தது ஐபிஎம் வழக்கில். கம்ப்யூட்டர் சந்தையை ஐபிஎம் ஏகபோகமாகப் பிடித்துவிட்டது என்று அமெரிக்க அரசு 1969 ஜனவரியில் வழக்குப் போட்டது. 1975-ல்தான் விசாரணையே தொடங்கியது. 1982 ஜனவரியில் அரசாங்கமே இதில் சாரமில்லை என்று கைவிட்டது. பதிமூன்று வருஷம்! வழக்கு தொடங்கும்போது நாலு வருஷ பி.இ.யில் சேர்ந்த பையன், முடியும்போது சீனியர் என்ஜினீயர் ஆகியிருப்பான். வழக்கில் சொன்ன மெஷின்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஐபிஎம் தரப்பு அணியில் பாய்ஸ் முக்கியமான ஆள். அரசாங்கத்தை எதிர்த்து ஏகபோகச் சட்ட வழக்கை நடத்துவது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டார்.

நடுவில் வந்த வழக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வியட்நாம் போரில் படைத்தலைவராக இருந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட், தன்னைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காக சிபிஎஸ் தொலைக்காட்சி மீது 12 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். சிபிஎஸ்ஸுக்கு பாய்ஸ். ஜூரி முடிவுக்குப் போவதற்கு முன்பே, 1985 பிப்ரவரியில், ஜெனரல் வழக்கை வாபஸ் வாங்கினார். 1997-ல் கிராவத்தை விட்டு வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். 2000-ல் புஷ்-கோர் தேர்தல் வழக்கில் கோருக்காக வாதாடி 5-க்கு 4 என்று தோற்றார். அந்த வழக்கில் புஷ்ஷுக்காக எதிரே நின்ற டெட் ஓல்சனும் இவரும் 2009-ல் கைகோத்து, கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத் தடையை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். நம்ம ஊரில் எதிர் எதிர் வக்கீல்கள் கோர்ட்டுக்கு வெளியே ஒன்றாக டீ குடித்தாலே கட்சிக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன். இந்த முறை அவர் அரசாங்கத்தின் பக்கம். 1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. நெட்ஸ்கேப் என்கிற பிரௌசர் வளர்ந்தால் விண்டோஸின் ஆதிக்கம் போய்விடும் என்று பயந்து, தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு பிணைத்து, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களையும் நெருக்கி, போட்டியை நசுக்கியது என்பது குற்றச்சாட்டு. இங்கே இருக்கிற அண்ணன்மார்களில் பலர் அந்த நெட்ஸ்கேப்பில்தான் முதல் ஈமெயில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக மூன்று நாள், மைக்ரோசாஃப்ட் அலுவலகத்திலேயே வீடியோ கேமரா வைத்து பில் கேட்ஸிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர், கெட்டிக்காரர், நம்மைப் போல புரோகிராம் எழுதி வந்தவர். பாய்ஸ் அவருடைய பழைய ஈமெயிலை எடுத்து நீட்டி, இதை எழுதும்போது இன்ன கம்பெனியைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா என்று கேட்பார். 'கவலை' என்றால் என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்பார் கேட்ஸ். 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அந்த நாங்கள் என்றால் அதற்கும் ஒரு வழக்கு. ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று பக்கம் பக்கமாக. பாய்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. அதே கேள்வியை ஒரு சொல் மாற்றித் திரும்பக் கேட்பார். மறுபடியும் கேட்பார். விசாரணை தொடங்கியதும் அந்த வீடியோவைத் துண்டு துண்டாகக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த நீதிபதி ஜாக்சனே சிரித்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். எங்கள் சைட் மேனேஜர் தவித்ததும் வார்த்தையின் அர்த்தத்தில்தான், கேட்ஸ் ஒளிந்துகொண்டதும் வார்த்தையின் அர்த்தத்தில்தான். முதலாமவரிடம் உண்மை இருந்தது, காகிதம் இல்லை. இரண்டாமவருக்கு எதிரே அவரே எழுதிய காகிதம் இருந்தது.

அடுத்தது, என்னை உட்கார விடாமல் பண்ணிய கட்டம். பிரௌசரைப் பிரித்தெடுத்தால் விண்டோஸ் கெட்டுப்போகும் என்பது மைக்ரோசாஃப்ட் வாதம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், பிரௌசரை எடுத்துவிடுகிற ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஒன்றும் கெடவில்லை என்று சாட்சி சொன்னார். பதிலுக்கு 1999 பிப்ரவரியில் விண்டோஸ் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜிம் ஆல்சின் ஒரு வீடியோ கொண்டு வந்தார். ஃபெல்டனின் புரோகிராமை ஓட்டிய கம்ப்யூட்டர் எப்படி மெதுவாகத் திணறுகிறது பாருங்கள் என்று.

அரசுத் தரப்பினர் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். திரையில் ஜன்னலின் மேல்பட்டையில் ஒரு தலைப்பு எழுதியிருக்குமே, அது இருக்க வேண்டிய மாதிரி இல்லை. ஃபெல்டனின் புரோகிராம் ஓடியிருந்தால் அங்கே வேறு பெயர் வந்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் ஒரு காட்சியில் இருக்கிறது, அடுத்த காட்சியில் காணோம். பாய்ஸ் இதையெல்லாம் ஒவ்வொன்றாக ஆல்சின் முன்னால் வைத்தார். ஒரே கம்ப்யூட்டரில் நடந்த சோதனை என்று எல்லாரும் நினைத்துப் பார்த்த படம், பல கம்ப்யூட்டர்களில் எடுத்து ஒட்டியது என்று கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு மோசடி பண்ணினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே ப்ராஜெக்ட் வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டலில் நடக்கிறது யாருக்குத் தெரியாது? எந்த மெஷினில் ஓடுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவார்கள். "சார், நேத்து வரைக்கும் ஓடுச்சு சார்" என்பது இந்தக் கல்லூரியின் தேசிய கீதம். வைவாவில் ஒரு கிரேடு போகும், அவ்வளவுதான். அங்கே போனது சாட்சியின் நம்பகத்தன்மை. ஆல்சின் நல்ல என்ஜினீயர். அவர் சொன்ன தொழில்நுட்பக் காரணங்களில் நியாயமும் இருந்திருக்கலாம். அந்த மேல்பட்டைக்கு அப்புறம் அதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்?

2000 ஜூனில் நீதிபதி, மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது உண்மை என்று சொன்னது. ஆனால் பிரிக்கிற உத்தரவை ரத்து செய்தது. நீதிபதி ஜாக்சன் வழக்கு நடக்கும்போதே பத்திரிகைக்காரர்களிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பதால் அவரையும் வழக்கிலிருந்து விலக்கியது. அதே வருஷம் புது அரசாங்கம் சமரசம் செய்துகொண்டது. இத்தனை பெரிய வெற்றிக்கு முடிவில் கிடைத்தது அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

பாய்ஸை நான் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் பிரியர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள், அவர்களுக்கு இவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. யூனிக்ஸ் எங்கள் சொத்து, அதை லினக்ஸில் கலந்துவிட்டார்கள் என்று 2003-ல் ஐபிஎம் மேல் வழக்குப் போட்ட எஸ்சிஓ கம்பெனிக்கு வக்கீல் இவருடைய நிறுவனம்தான். எந்த ஐபிஎம்மைக் காப்பாற்றி வளர்ந்தாரோ அதே ஐபிஎம்! யூனிக்ஸ் காப்புரிமையே எஸ்சிஓவிடம் இல்லை, நாவெல் கம்பெனியிடம் இருக்கிறது என்று பின்னால் முடிவானது. மிச்சம் மீதி 2021-ல்தான் தீர்ந்தது.

ஆரக்கிள்-கூகுள் வழக்கிலும் வந்தார், ஆரக்கிளுக்காக. ஆண்ட்ராய்டில் ஜாவாவைக் காப்பியடித்தார்கள் என்பது புகார். அதில் ரேஞ்ச்செக் என்று ஒன்பது வரி. கொடுத்த எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற சின்ன வேலை, இரண்டாம் செமஸ்டர் லேபில் எழுதுவோமே, அதுதான். அதைக் காப்பியடித்ததால் கூகுளுக்குச் சந்தைக்கு வரும் நேரம் மிச்சமானது என்று 2012 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் பாய்ஸ் வாதிட்டார். நீதிபதி அல்சப் பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுதுகிறவர். இந்த மாதிரி நான் நூறு தடவை எழுதியிருக்கிறேன், நீங்கள்கூட எழுதலாம், இவ்வளவு பெரிய வக்கீல் இப்படி ஒரு வாதத்தை எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்! எனக்கு ஆறு மாசம் கொடுத்தாலும் எழுத வராது என்கிற மாதிரி பாய்ஸ் பதில் சொன்னார். டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் விசில் அடித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்த வழக்கு மேலும் கீழும் போய், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் கூகுள் பக்கம் முடிந்தது.

வக்கீல் என்றால் கூலிக்கு மாரடிப்பவர், இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கோர்ட்டுக்குள் எதிர்த்தரப்புக்கும் வக்கீல் உண்டு, மேலே நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், அல்சப் மாதிரி ஒருவர் மடக்கிவிடுவார். அங்கே எந்தப் பக்கம் நின்றாலும் தப்பில்லை. எனக்கு வருத்தம் கோர்ட்டுக்கு வெளியே நடந்ததில்தான்.

தெரனோஸ் என்று ஒரு கம்பெனி. எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கியது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எல்லாப் பரிசோதனையும் செய்யலாம் என்று சொன்னார்கள். அவர்களுக்கு வக்கீல் பாய்ஸின் நிறுவனம். ஒரு வழக்குக்குக் கட்டணமாகப் பணத்துக்குப் பதில் கம்பெனிப் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள். 2015-ல் பாய்ஸ் அந்தக் கம்பெனியின் டைரக்டராகவும் ஆனார். வக்கீலும் அவரே, பங்குதாரரும் அவரே, டைரக்டரும் அவரே. மீட்டரைத் தயாரித்தவனே அதற்குக் காலிபரேஷன் சர்டிஃபிகேட்டும் கொடுத்தால் நாம் அதை வாங்கி ஃபைலில் வைப்போமா?

மெஷின் சொன்னபடி வேலை செய்யவில்லை என்பது உள்ளே வேலை பார்த்த சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்துபோயிற்று. டைலர் ஷுல்ட்ஸ் என்று ஒரு பையன். அவன் தாத்தா ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர், தெரனோஸின் டைரக்டர். பேரன் பத்திரிகைக்குத் தகவல் கொடுத்தானா என்று பேசத் தாத்தா வீட்டுக்குப் போனால், மாடியில் பாய்ஸ் நிறுவனத்து வக்கீல்கள் இரண்டு பேர் காகிதத்தோடு காத்திருந்தார்கள். அவனுக்காக அவன் பெற்றோர் வக்கீல் செலவு மட்டும் 4 லட்சம் டாலருக்கு மேல் செய்தார்கள்.

இன்னொருத்தி எரிக்கா சியங். கல்லூரி முடித்து முதல் வேலை அது. தரச் சோதனை முடிவுகளில் பொருந்தாத எண்களை 'விலகிய புள்ளி' என்று நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாஸ் போடுகிறார்கள் என்று கவனித்தாள். மேலே சொல்லிப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள். 2015-ல் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. டேவிட் பாய்ஸ் கையெழுத்து. ரகசியத்தை வெளியிட்டால் வழக்கு என்று. அவள் அப்போது ஒரு தோழி வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாள், அந்த முகவரி யாருக்கும் தெரியாது. ஆனாலும் கடிதத்தின் உறையில் அந்த முகவரியே எழுதியிருந்தது. அரசாங்கத்தையும் ஜெனரலையும் கேட்ஸையும் எதிர்த்து நின்ற அதே கையெழுத்து. எதிரே இருபத்து சொச்சம் வயதுப் பெண், பக்கத்தில் வக்கீல் இல்லை, மேலே நீதிபதி இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாய்ஸ் தரப்பு 2016-ல் தெரனோஸை விட்டு விலகியது. 2017-ல் வேறொரு விவகாரத்தில், ஹார்வி வெயின்ஸ்டீனுக்காகத் தனியார் துப்பறிவாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருந்தது வெளியே வந்தது. அதே வெயின்ஸ்டீனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நியூயார்க் டைம்ஸுக்கும் அப்போது வக்கீல் அவருடைய நிறுவனம்தான். பத்திரிகை அவர்களை விலக்கிவிட்டது.

எரிக்கா என்ன செய்தாள் தெரியுமா? பயந்தாள், நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஒரு வக்கீலைப் பார்த்து, அரசாங்க ஆய்வுத் துறைக்குப் புகார் செய்யும் உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, 2015 செப்டம்பரில் நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி அனுப்பினாள். எந்தப் பரிசோதனை, எந்த முடிவு, என்ன கோளாறு என்று. 'சைட் நிலவரப்படி' என்று எழுதவில்லை. அதே மாதம் ஆய்வாளர்கள் லேபுக்குள் போனார்கள். 2018-ல் கம்பெனி மூடப்பட்டது.

2021 செப்டம்பரில் ஹோம்ஸ் மீதான கிரிமினல் வழக்கில் எரிக்கா சாட்சிக் கூண்டு ஏறினாள். ஹோம்ஸின் வக்கீல்கள் அவளை விடவில்லை. நீ சாதாரண லேப் ஊழியைதானே, தரச் சோதனைக்குப் பொறுப்பு மற்றவர்கள்தானே, உனக்கு என்ன தெரியும் என்கிற ரீதியில் நீண்ட குறுக்கு விசாரணை. எதிரே அவள் அந்தக் காலத்தில் அனுப்பிய ஈமெயில்கள் இருந்தன, தேதியோடு. அவற்றை வைத்து அவள் பதில் சொன்னாள். 2022 ஜனவரியில் ஜூரி நாலு குற்றச்சாட்டில் ஹோம்ஸைக் குற்றவாளி என்றது. தண்டனை 11 வருஷம் 3 மாதம்.

எங்கள் ஆர்பிட்ரேஷன் என்ன ஆயிற்று என்று காலையில் டீ சாப்பிடும்போது கேட்டார் சீனியர் ஒருவர். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த சைட் மேனேஜர் இப்போது ரிட்டயர்டு. புதுப் பையன்களுக்கு டைரி எழுதச் சொல்லிக் கொடுக்க ஒரு நிறுவனம் அவரை மாதம் நாலு நாள் கூப்பிடுகிறதாம்.